கதவு கழற்றிய அலமாரி

தெருவில் எல்லோருக்கும் அவள் மில்லுக்கார அக்கா. எனக்கு உடன்பிறந்த அக்கா. அத்தான் போன பிறகு மாவு மில்லைத் தனியாகவே நடத்தினாள். புருவம், காது மடல், ஜாக்கெட் தையல் எங்கும் மாவு ஒட்டியிருக்கும். வீட்டில் மட்டும் ஒரு தூசி கண்ணில் படக்கூடாது. சமையலறையில் உப்பு முதல் கரண்டி வரை எல்லாம் அலமாரிக் கதவுக்குப் பின்னால்தான். "நாள் முழுக்க தூசியத் தின்னுட்டு வரேன். வீட்டுலயும் அதையே பார்க்கணுமா?" என்பாள்.

மில்லை விற்ற பிறகு மறதி வந்தது. கதவுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அவளுக்கு இல்லாததாகிவிட்டது. உப்பு வாங்கி வந்து உள்ளே வைப்பாள். கதவைச் சாத்தியதும் உப்பு வாங்கக் கிளம்புவாள். ஒருநாள் அடுப்பில் பாத்திரத்தை ஏற்றிவிட்டு அரிசியைத் தேடிக்கொண்டே இருந்ததில் பாத்திரம் கருகிப்போயிற்று. வெளியூரில் இருக்கும் அவள் மகன் போனில் சொல்லிவிட்டான்: "சித்தி, இன்னொரு தடவை இப்படி நடந்தா அம்மாவ நான் கூட்டிட்டு வந்துடுவேன்."

"அவன் வீட்டு மாடியில உக்காந்து ஜன்னலப் பார்த்துக்கிட்டு இருக்கவா நான் பொறந்தேன்?" என்றாள் அக்கா.

"கதவைக் கழட்டிடலாம்க்கா. எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கும்."

"பைத்தியமாடி உனக்கு? எண்ணெய்ப் புகை டப்பா மேல பிசுபிசுன்னு படியும். யாரு தொடைக்கிறது, உன் மாமியாரா?"

"மில்லுல ஊரு டப்பாவெல்லாம் பலகை மேலதானே இருந்துச்சு? ஒண்ணையாவது மாத்திக் குடுத்திருக்கியா?"

மறுநாள் காலையில், "அடுப்புக்கு மேல இருக்கிற கதவ மட்டும் தொடாத" என்றாள்.

தச்சர் வந்தார். "இப்ப இதுதான்க்கா ஃபேஷன். ஓபன் ஷெல்ஃபுன்னு பெரிய பெரிய வீட்டுல கேட்டு வாங்குறாங்க."

"அந்த வீட்டுல எல்லாம் சமைக்கிறாங்களா?" என்று கேட்டாள். அவர் கீல்களைக் கழற்றினார்.

தூசி படிந்தது. பிசுக்கும் படிந்தது. திட்டிக்கொண்டே துடைத்தாள். டப்பாக்களை மட்டும் அவள் தன் மில் வழக்கப்படி வைத்துக்கொண்டாள். அங்கே அரைத்து முடித்த டப்பா பலகையின் கடைசிக்குப் போய்விடும். இங்கேயும் எடுத்துப் பயன்படுத்திய டப்பா வரிசையின் கடைசிக்குப் போகும். உப்பு கடைசியில் நின்றால் உப்புப் போட்டாயிற்று என்று அர்த்தம். மறந்துபோனால் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

மகன் வந்தபோது, அலங்கோலமாக இருக்கிறதே என்று டப்பாக்களை உயரப்படி அடுக்கி வைத்தான். அன்றைய குழம்பில் உப்பு இரண்டு பங்கு.

"எவனோ வரிசையில குறுக்கப் பூந்துட்டான்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தான். கூட்டிக்கொண்டு போகும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டான். "கடைசியில என்ன நிக்குது?" என்றுதான் கேட்பான்.

போன மாதம் ஒரு மதியத் தூக்கத்தில் அக்கா போய்விட்டாள். தன் வீட்டில், தன் கட்டிலில்.

வாடகைக்கு வரப்போகிறவர்களுக்குக் கதவில்லாத அலமாரி பிடிக்கவில்லை. இன்று அதே தச்சர், கட்டிலுக்குப் பின்னால் சாத்தியிருந்த கதவுகளை எடுத்துத் துடைத்தார். "டப்பாவெல்லாம் எடுத்துடுங்கக்கா" என்றார்.

அவள் போன பிறகு யாரும் தொடாத வரிசையை அப்போதுதான் பார்த்தேன். உப்பு, அதற்கு அடுத்து சர்க்கரை, கடைசியில் டீத்தூள். சமைத்துச் சாப்பிட்டு, டீயும் போட்டுக் குடித்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள்.

முன்னால் இருந்ததிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தேன். மூடிகளில் பிசுக்கு விரலில் ஒட்டியது. டீத்தூளை மட்டும் வெளியே வைத்து, தச்சருக்கும் எனக்கும் டீ போட்டேன். போட்டு முடித்ததும் கை தானாக டப்பாவோடு அலமாரிக்குப் போயிற்று. வரிசையே இல்லை. டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

"டீ ஆறுதுக்கா" என்றார் தச்சர்.