ஒரு நிமிஷ டீச்சரும் நாற்பது வார்த்தையும்

"ஒரு நிமிஷ டீச்சர் எங்கே?" என்று கேட்டால் பள்ளி வாட்ச்மேன் யோசிக்காமல் மாடிப்படியைக் காட்டுவார். படியேறினால் இடது பக்கம் கடைசி அறை. ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, சுவரில் எழுத்துப் படங்கள். உள்ளே கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு அவள் உட்கார்ந்திருப்பாள்.

அவள் வேலை சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிமிடம். அதற்குள் எத்தனை வார்த்தை பிழையில்லாமல் படிக்கிறது என்று எண்ணுவாள். இதென்ன பெரிய வேலை என்று சிலருக்கு இளக்காரம். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவருக்கு அதில் முதலிடம்.

"உன் ஒரு நிமிஷத்துல நான் ஏழு மாடி ஏறி இறங்கிடுவேன்" என்பார்.

"நீங்க எங்க ஏறினீங்க? லிஃப்ட்தானே ஏறுச்சு" என்பாள் அவள்.

ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருந்தது. முன்பு அவள் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, எல்லோரும் சேர்ந்து பாடம் படிக்கும் நேரத்தில் அழகாக வாயசைக்கும் ஒரு சிறுமி இருந்தாள். ஆண்டு முடியும் தறுவாயில் ஒருநாள் அவளை மட்டும் தனியாகப் படிக்கச் சொன்னபோது, அந்தக் குழந்தை புத்தகத்தைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. அதற்கு ஓர் எழுத்தும் தெரியாது. கூட்டத்தின் குரலுக்குள் ஒளிந்துகொண்டே ஒரு வருடத்தை ஓட்டியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுத அழுகையில் கணவர் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடப் போனார். இனி ஒரு பிள்ளையும் இப்படி ஒளியக் கூடாது, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகக் கேட்டே தீருவேன் என்று தலைமையாசிரியையிடம் மன்றாடி வாங்கியதுதான் இந்த அறை.

வருடங்கள் போயின. அவள் பேச்சுக்கு மதிப்பு வந்தது. சுற்றியுள்ள பள்ளிகளும் அவளைப் போலவே பிள்ளைகளைத் தனித்தனியே படிக்கவைத்துக் கேட்கத் தொடங்கின. அப்போதுதான் கல்வி அதிகாரி அவளை அழைத்து ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி டீச்சர். இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை படிச்சா போதும்? ஒரு இலக்கு சொல்லுங்க. எல்லாப் பள்ளிக்கும் அதையே வெச்சிடுவோம். அந்த அளவுக்கு வராத பிள்ளைங்களைத் தனி வகுப்புல உட்கார வெச்சு சொல்லிக் கொடுக்கலாம்."

அவள் தன் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் படிக்கவைத்தாள். பாரபட்சம் என்ற பேச்சே வரக் கூடாது என்பதால் எல்லோருக்கும் ஒரே கதை. பஸ்ஸில் ஏறிய ஓர் ஆட்டைப் பற்றிய குட்டிக் கதை. மூடிய அறைக்குள் பிள்ளைகள் மிரளுவார்கள் என்று கதவைத் திறந்தே வைத்தாள். காத்திருப்பவர்கள் வராந்தாவில் ஓடி விழாமலிருக்க வாசலை ஒட்டி ஒரு பெஞ்சும் போட்டாள். முன்வரிசைப் பிள்ளைகள் முதலில், பின்வரிசைப் பிள்ளைகள் கடைசியில் என்று ஒழுங்காக வரவைத்தாள். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் சர்வசாதாரணமாக எட்டிய அளவை இலக்காகக் குறித்துக் கொடுத்தாள்.

நாற்பது வார்த்தை.

அதிகாரிக்கு மிகுந்த மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை நடக்கும் கூட்டத்தில் அவளை மேடையேற்றி அந்த இலக்கை அறிவிப்பதாகச் சொன்னார். கணவர் அவள் உடையைத் தன் கையாலேயே இஸ்திரி போட்டு வைத்தார். திங்கட்கிழமை முதல் தனி வகுப்பு; யார் யார் போக வேண்டும் என்று புதன்கிழமையே வகுப்பில் வாசித்தாயிற்று.

அந்த இலக்குதான் ஒரு வீட்டில் இடியாக இறங்கியது.

இரண்டாம் வகுப்பில் இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். சில நிமிடம் முன்னால் பிறந்தவள் குள்ளம்; பின்னால் பிறந்தவள் வளர்த்தி. வளர்த்தியானவள் குனிந்து, குள்ளமானவளை "அக்கா" என்று கூப்பிடுவதைப் பார்க்கப் பள்ளியே கூடும். ஒரு தடவை "ஏய்" என்று கூப்பிட்டுவிட்டாள் என்பதற்காக அக்காக்காரி இடைவேளை முழுக்கப் பேசாமல் இருந்தாள். அப்படிப்பட்ட அக்காவுக்கு இருபத்துநான்கு வார்த்தை. தங்கைக்கு ஐம்பத்துமூன்று. ஒருத்தி இங்கே, இன்னொருத்தி தனி வகுப்பில்.

வியாழக்கிழமை காலை அவர்களுடைய அம்மா வந்தாள். பியூட்டி பார்லரில் முடி வெட்டுபவள். வேலை உடுப்போடு, பையில் கத்தரிக்கோல் எட்டிப் பார்க்க, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்தபடி மாடியேறி வந்தாள். அக்காக்காரியின் கண் வீங்கியிருந்தது.

"டீச்சர், ராத்திரி இவ சாப்பிடலை. ஏன்னு கேட்டா, 'நான் மக்காம்மா?'ன்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

ஒரு நிமிஷ டீச்சர் அக்காக்காரியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். நிதானமாகச் சொன்னாள். "மக்குன்னு யாரும்மா சொன்னது? உதவி பண்றதுக்குத்தானே தனி வகுப்பு. வாட்ச் யாரையும் ஓரவஞ்சனை பண்ணாது."

"வாட்ச்சை நான் ஒண்ணும் சொல்லலை டீச்சர். ரெண்டும் ஒரே வயித்துல இருந்துச்சு. ஒரே கட்டில்ல படுக்குது. ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்குது. வீட்டுல அக்காதான் தங்கச்சிக்குப் படிச்சே காட்டுவா. இங்க வந்து எப்படித் தலைகீழாச்சு?"

"சரி, உங்க முன்னாடியே படிக்கச் சொல்றேன். நீங்களே கேளுங்க."

டீச்சர் மேஜை மேலிருந்த தாள்களில் ஒன்றை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். அவசரத்தில் கையில் வந்தது வேறு கதை. காற்றில் பறந்துபோன குடையின் கதை. தாளின் மேலே பெரிய குடைப்படம்கூட இருந்தது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. வாட்ச்சை அழுத்தினாள்.

தங்கை தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கணீரென்று, மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள்:

"ஓர் ஆடு பஸ்ஸில் ஏறியது. நடத்துநர் ஆட்டைப் பார்த்தார். டிக்கெட் எங்கே என்று கேட்டார். ஆடு டிக்கெட்டைத் தின்றுவிட்டது..."

டீச்சரின் கண் குடைப்படத்தின் மேல் நின்றது. கை வாட்ச்சை நிறுத்த மறந்தது.

"இரு, இரு. இதுல ஆடு எங்கடா கண்ணு இருக்கு?"

தங்கை தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கேயும் ஆடு இல்லை. "பஸ்ல போயிடுச்சு போல டீச்சர்" என்றாள்.

அழுதுகொண்டிருந்த அக்காவே களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தக் கதை உனக்கு எப்படி மனப்பாடமா தெரியும்?"

"வெளியில பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தேனே டீச்சர். ஒவ்வொருத்தரா உள்ள போய் அதையேதான் படிச்சாங்க. எங்க பெஞ்ச் மொத்தத்துக்கும் தெரியும். நீங்க கேட்டா எல்லாரும் சொல்லுவோம்."

டீச்சர் வாசலுக்குப் போய் அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். முன்வரிசை முதலில் வந்தது. முன்வரிசையில் இருப்பவர்கள் யார்? குள்ளமான பிள்ளைகள். அவர்கள் கதையை முதல்முறையாகப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்தார்கள். பின்வரிசை உயரமான பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டுக் காதிலேயே கற்றுக்கொண்டு வந்து ஒப்பித்தார்கள். அந்த ஒப்பிப்பில் ஏறி நின்றதுதான் அவளுடைய நாற்பது. யாரும் ஒளியக் கூடாது என்று அவள் கட்டிய அறையிலேயே, அவள் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தே, பிள்ளைகள் மறுபடி ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

"தனி வகுப்புக்குப் போறவங்க யார் யாரு?" என்று தனக்குத்தானே கேட்டவள், ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். "ஒருத்தருக்குக்கூடக் கரும்பலகையோட நடுப்பகுதி எட்டாதே" என்று வாய்விட்டே சொன்னாள்.

"என்ன டீச்சர், டேப் வெச்சு உயரம் அளந்தா பிரிச்சீங்க?" என்றாள் அம்மா. கேலியாகத்தான் சொன்னாள். டீச்சருக்கு அது சுருக்கென்று தைத்தது.

தலைமையாசிரியையிடம் ஓடினாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாளைக்குக் கூட்டம். அழைப்பு போயாச்சு. இப்ப போய் உளறினா நம்ம பள்ளி மானம் என்ன ஆகும்? முதல்ல அறிவிக்கட்டும். அடுத்த வருஷம் மெதுவா குறைச்சுக்கலாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் அந்தக் குழந்தை தன்னை மக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கணுமா மேடம்?"

தலைமையாசிரியை மேஜை மேலிருந்த அழைப்பிதழைக் கவிழ்த்து வைத்தார். "உன் இஷ்டம். என்னைப் பார்க்காம பேசு" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு, "நான் வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாதுங்க" என்றாள்.

கணவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? வாயைத் திறக்காமலா? கல்யாணமானதுல இருந்து காத்திருக்கேன், நடக்கலை."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"மேடையில கைதட்டு கிடைக்காதே."

"அவ்வளவுதானே. வா, வீட்டுலயே தட்டிடுறேன்" என்று அவர் படபடவென்று தட்ட, பக்கத்து வீட்டுக்காரர் கொசுவா என்று எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. அதிகாரி அவளைப் புகழ்ந்து பேசிவிட்டு மைக்கை அவளிடம் கொடுத்தார். எதிரே அத்தனை பள்ளிகளின் ஆசிரியர்கள். முன்வரிசையில் தலைமையாசிரியை தரையைப் பார்த்தபடி. "நாற்பது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் வீங்கிய ஒரு ஜோடிக் கண்கள் அவள் முன்னால் வந்து நின்றன.

"நான் கொடுத்த இலக்கு தப்பு" என்றாள்.

அவள் பெஞ்சைப் பற்றிச் சொன்னாள். ஆட்டைப் பற்றிச் சொன்னாள். குடைத்தாளைத் திருப்பிப் பார்த்து ஆட்டைத் தேடிய குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அதிகாரியின் முகம் கல்லாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஓர் ஆசிரியர் மெல்ல எழுந்தார்.

"மேடம்... எங்க ஸ்கூல்லயும் வாசல்ல பெஞ்ச்தான்."

"எங்க ஸ்கூல்ல பாய்" என்றாள் இன்னொருத்தி. "அங்கேயும் உங்ககிட்ட வாங்கின அந்த ஆடுதான்."

"எங்க சமையற்கார அம்மாவுக்கே அந்தக் கதை மனப்பாடம்" என்றார் மூன்றாமவர்.

அரங்கமே வெடித்துச் சிரித்தது. கல்லாக இருந்த முகமும் கடைசியில் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரி கேட்டார்: "அப்போ சரியான இலக்கு எவ்வளவு டீச்சர்?"

"இப்ப தெரியாது சார். அவகாசம் கொடுங்க. இந்த முறை கதவு சாத்தியிருக்கும். பல கதைகள் இருக்கும். சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் கூப்பிடுவேன். படிச்சு முடிச்சதும் கதையைத் தன் வாயால சொல்லணும். மூணாம் வகுப்புலயும் போய்ப் பார்க்கணும். அங்க தன் பாடத்தைத் தானே படிச்சுப் புரிஞ்சுக்கிற பிள்ளைங்க இரண்டாம் வகுப்புக் கதைகளை எந்த வேகத்துல படிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். அதை வெச்சுத்தான் இலக்கு. அதுவும் உதவி யாருக்கு வேணும்னு பார்க்கத்தான். பிள்ளைங்களைப் பிரிக்க இல்லை. தனி வகுப்பு வேண்டாம் சார். அதே வகுப்புலயே தினமும் அரைமணி நேரம் கூடுதலா உட்கார வெச்சுப் படிக்க வைப்போம்."

அதிகாரி தன் குறிப்பிலிருந்த நாற்பதை அடித்துவிட்டுத் தலையசைத்தார்.

எல்லாம் மறுபடி முதலிலிருந்து நடந்தது. சாத்திய கதவுக்குப் பயந்த பிள்ளைகளுக்கு டீச்சர் தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேகமாகப் படித்துவிட்டு என்ன படித்தோம் என்று தெரியாமல் விழித்த பிள்ளைகளும் இருந்தார்கள். நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டுக் கதையைக் கண் விரியச் சொன்ன பிள்ளைகளும் இருந்தார்கள். இறுதியில் வந்த இலக்கு முப்பது வார்த்தை. முன்வரிசைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைத் தாண்டி நின்றார்கள்.

இந்த முறை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்ததால் மிரளாமல் படித்த அக்காக்காரிக்கு முப்பத்துமூன்று. செய்தி கேட்டதும் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டவள் போல் நடந்தாள். ஆனால் தங்கைக்கு இருபத்தேழுதான். இத்தனை நாள் ஊர் மெச்சிய வாசிப்பில் பாதி காதால் வந்தது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. உதடு பிதுங்கியது. அம்மா வாசலில் நின்றபடி பெருமூச்சு விட்டாள். "ஒண்ணு சிரிச்சா ஒண்ணு அழணும் எனக்கு."

கூடுதல் அரைமணி நேரம் தொடங்கிய முதல் நாள், ஏழெட்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அழைக்காமலேயே அக்காவும் வந்து தங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ தாண்டிட்டியேம்மா. உனக்கு இது வேண்டாம். போய் விளையாடு" என்றாள் டீச்சர்.

"இவ தனியா உட்கார்ந்தா அழுவா டீச்சர்."

"நான் ஒண்ணும் அழ மாட்டேன்" என்றாள் தங்கை, அக்காவின் கையை விடாமல்.

டீச்சர் அக்காவுக்கும் இடம்விட்டு வட்டத்தைப் பெரிதாக்கினாள். யாரும் இதுவரை கேட்டிராத ஒரு கதையைக் கொடுத்தாள். தங்கை விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தாள். ஒரு நீளமான சொல்லில் விரல் நின்றுவிட்டது. அக்கா சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் உதட்டில் விரல் வைத்துத் தடுத்தாள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, தங்கையின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

முதல் எழுத்து வந்தது. அடுத்தது வந்தது. பிறகு முழுச்சொல்லும், உடைந்து உடைந்து, அவள் கண்ணிலிருந்து அவள் வாய்க்கு வந்து சேர்ந்தது. ஒரு கணம் தங்கை தானே அதை நம்பவில்லை. அக்காவைப் பார்த்தாள். பிறகு, கதையில் அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்ததால், யாரும் சொல்வதற்கு முன்பே பக்கத்தைப் புரட்டினாள்.