வெள்ளை அணுக்களுக்குத் தாராவியில் பரீட்சை

ஜிம் நடத்துகிறவனுக்கு இரும்பு கனமில்லை, ஆட்கள்தான் கனம். புதுவருஷத்தில் சேர்ந்து பொங்கலுக்குள் காணாமல் போகிறவர்களைத் தேடி அலையும் சக உஸ்தாதுகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ரத்தம் கேட்டு வந்த பெண்

மும்பை செம்பூர் திலக் நகரிலிருந்து ஜெனிஃபர் என்ற ஆராய்ச்சி மாணவி தாராவியில் என் ஜிம்முக்கு வந்தாள். உடம்பை அசைத்தே பழகாத நடுத்தர வயது ஆட்கள் வேண்டுமாம். முதலில் ரத்தம் எடுப்பாள், மூன்று மாதம் நான் பயிற்சி கொடுக்க வேண்டும், பிறகு மறுபடி ரத்தம். நோயை எதிர்க்கிற வெள்ளை அணு தனக்கு வேண்டிய சக்தியை எப்படித் தயாரிக்கிறது, பயிற்சியால் அது மாறுகிறதா என்று பார்ப்பாளாம். நடுவில் ஆட்கள் கழன்றுகொண்டால் அவள் படிப்பு அம்போ.

நான் மீன் வாங்கினாலும் பேரம் பேசித்தான் வாங்குவேன். ஆளுக்கு நாலு குழாய் ரத்தத்தை ரெண்டாக்கு என்றேன். அணுக்கள் போதாது என்றாள். மூன்று என்றேன். கடைசியில் நாலுக்கே இறங்கி வந்தது நான்தான். ஒருத்தரையும் கழல விடமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். போகும்போது சொன்னாள்: "இது தாதர் மார்க்கெட் இல்ல அங்கிள். ரத்தத்துல டிஸ்கவுன்ட் கிடையாது."

சுலைமான் பாயின் தும்மல்

பெல்ட் பட்டறை வைத்திருக்கும் சுலைமான் பாய்க்கு மாதம் தவறாமல் சளி. அதற்காகவே சேர்ந்தார். இரண்டாவது வாரமே தும்மிக்கொண்டு வந்து, வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் மாதிரி நின்றார். ஜெனிஃபர் பொறுமையாக விளக்கினாள்: அணுவுக்குள் சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் சின்னச் சின்ன அடுப்புகள் உண்டு, விடாமல் பயிற்சி செய்தால் அவை சீராக எரியலாம், அதைத்தான் பார்க்கிறோம், சளியே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்கு அந்தப் பொறுமை ஏது? விலகப் பார்க்கிறீரா என்று தெருவே கேட்கக் கத்தி, ஜிம் சைக்கிளில் ஏற்றினேன். மிதித்துக்கொண்டே சொன்னார்: "என் அடுப்பு எரியுதோ இல்லையோ, ஒம்ம அடுப்பு நல்லா எரியுது வே."

பரீட்சை நாள்

ஆட்களை ஏசியும், வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டியும் மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். ஒருத்தரும் கழலவில்லை. கடைசி ரத்தத்துக்கு முன் இரண்டு நாள் கடுமையாக எதுவும் செய்யக்கூடாது என்று ஜெனிஃபர் எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். நேற்று ஓடிய களைப்பும் மூன்று மாதப் பயிற்சியும் கலந்துவிட்டால் எது எதனால் என்று பிரிக்க முடியாதாம்.

காலையில் போனால், ஷட்டர் முன்னால் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்கள். ஒருவர் தண்டால் எடுக்கிறார். சுலைமான் பாய் சயான் ஸ்டேஷன் வரை ஓடிவிட்டு வந்திருக்கிறார். பரீட்சை என்றால் முந்தின நாள் முட்டி மோதிப் படிக்காமல் எப்படி என்று என்னையே கேட்கிறார்கள். ஜெனிஃபர் ஊசிப் பெட்டியைத் திறக்கவேயில்லை. கண் கலங்கிவிட்டது. அவளுக்கு லேப் கிடைத்ததே அந்த ஒரு வாரம்தான். வேர்வை காய்ந்ததும் எடுத்துக்கொள்ளேன் என்று பேரத்தை ஆரம்பித்தேன். "நான் வேணா படிஞ்சிருவேன் அங்கிள். அணு படியாது."

சும்மா இருக்க வைத்தேன்

இரண்டு நாள் தள்ளினாள். அதற்கு மேல் வழியில்லை. தாராவியில் ஒரு மனிதனைச் சும்மா உட்கார வைத்துப் பாருங்கள், தெரியும். வீட்டுக்குள் போகவே ஏணி ஏற வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும். வேகமாக நடந்தவரைத் துரத்திப் பிடித்து நிறுத்தினேன். சுலைமான் பாய் டெம்போவிலிருந்து தோல் கட்டுகளை இறக்கப் போக, பிடுங்கி நானே சுமந்தேன்.

மூன்றாம் நாள் எல்லாரும் காய்ந்த சட்டையோடு வந்து கை நீட்டினார்கள். ஜெனிஃபர் தலைகளை எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை. அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சுலைமான் பாய் சொன்னார்: "மூணு மாசம் ஓடச் சொல்லி ஏசினீரு, தாங்கிட்டோம். ரெண்டு நாள் சும்மா இருக்கச் சொல்லி ஏசினீரு பாரும், அதுதான் வே கஷ்டம்."

வெள்ளை அணுக்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகுமாம். தோல் கட்டு சுமந்த என் இடுப்புக்கு என்ன ஆயிற்று என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது.