மலை சுற்றப் போன டீச்சர்

பால்வாடிப் பயிற்சியில் எனக்கு நல்ல மதிப்பெண். சத்துமாவு எவ்வளவு, எடை எப்போது பார்ப்பது, குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் யாருக்குத் தகவல் சொல்வது என்று எதைக் கேட்டாலும் விதியோடு சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும் சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடி அண்ணாமலையில் முதல் வேலை. கிரிவலப் பாதையை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். அங்கே இருந்த டீச்சர் அந்தக் கோடையில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தார். அவர் இடத்துக்கு என்னைப் போட்டார்கள்.

முதல் நாள் காலை குழந்தைகள் ஒரே குரலில் "வணக்கம் டீச்சர்" என்றார்கள். பெருமையாகப் பதில் வணக்கம் சொன்ன பிறகுதான் கவனித்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்கள்.

அதில் உட்காரப் போனேன். நாலு வயதுப் பெண் ஒருத்தி ஓடி வந்து மறித்தாள்.

"அது டீச்சர்து."

"நான்தானே டீச்சர்?"

"நீ புது அக்கா."

நான் பாடினால் யாரும் வாய் திறப்பதில்லை. மதியம் படுக்க வைத்தால் எல்லாக் கண்ணும் வாசலில். பார்வையிட வந்த மேற்பார்வையாளர் அம்மா, "புள்ளைங்க உங்ககிட்ட ஒட்டவே இல்லியே. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, என் சத்துமாவு உருண்டை ஒன்றைத் தின்றுவிட்டுப் போனார்.

ஆயாவைக் கேட்டேன்.

"அதுங்க ஏன் வாசலையே பாக்குதுங்க?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார். "டீச்சர் மலை சுத்தப் போயிருக்காங்கனு சொல்லி வெச்சேங்க. செத்துட்டாங்கனு கொழந்தைங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

வேறு ஊரில் இந்தப் பொய் நாலு நாளில் மறந்துபோயிருக்கும். இங்கே, மலை சுற்றப் போகிறவர்கள் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஆகவே காத்திருந்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு அந்த நாற்காலிக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்கும் கூசியது.

பௌர்ணமி வந்தது. மதியமே கூட்டம் தொடங்கிவிட்டது. குழந்தைகள் வாசலில் முண்டியடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள்.

"அதோ டீச்சர்! டீச்சரோட ஊதாச் சேலை!"

ஊதாச் சேலை கட்டிய ஒருத்தி எங்களைக் கடந்து போனாள். நாற்காலியை மறித்த அந்தப் பெண் குழந்தை கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டாள். செருப்பு மாட்டாமல் நானும் ஓடினேன். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் அந்த முந்தானையைப் பிடித்திருந்தாள். ஊதாச் சேலை திரும்பியது. யாரோ ஒரு வெளியூர்க்காரி.

குழந்தை அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். "இவங்க இல்ல" என்றாள். பிறகு என்னிடம், "எப்ப வருவாங்க?"

எனக்குத் தெரிந்த விதிகள் எதிலும் இதற்குப் பதில் இல்லை. பாதையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"வர மாட்டாங்க. செத்துப்போயிட்டாங்க."

"எங்க வூட்டு ஆட்டுக்குட்டி மாதிரியா?"

"ஆமா."

யோசித்தாள். "நீ மலை சுத்தப் போவியா?"

"போவ மாட்டேன்."

"சத்தியமா?" கையை நீட்டினாள். அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

உள்ளே வந்ததும் அவளே அறிவித்துவிட்டாள். "டீச்சர் செத்துட்டாங்களாம். இவங்க எங்கியும் போவ மாட்டாங்களாம்." சிலர் அழுதார்கள். ஆயா வெளியே போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்து, மடியில் கொள்கிற வரைக்கும் அள்ளிப் போட்டுக்கொண்டு, சுருதி சேராமல் பாடினேன். அட்டவணைப்படி அது கதை நேரம். அன்று வாசலைப் பாராமல் தூங்கினார்கள்.

மறுநாள் காலை எனக்குத்தான் முதல் வணக்கம். அடுத்தது நாற்காலிக்கு. அதற்கு நானும் சேர்ந்து கைகூப்பினேன்.

மறுமாதம் மேற்பார்வையாளர் அம்மா கேட்டார், "ரெண்டாவது வணக்கம் யாருக்கு?"

"பழைய டீச்சருக்குங்க. இங்க அப்படித்தான்" என்றேன். அவர் அந்த நாற்காலியில் உட்காராமல் பாயில் உட்கார்ந்தார்.

இப்போது அதே மலையைப் பார்த்த வேங்கிக்காலில் வீடு. "இந்த ஊர்ல இருந்துக்கினு ஒரு தடவகூட மலை சுத்தலியா மேடம்?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். முட்டி வலி என்பேன்; மருத்துவச் சான்று கேட்டால் அதற்கும் வழி தெரியும். பௌர்ணமியில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைப் பக்கம் நடக்கிற கூட்டத்தை வீட்டுக் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று பார்ப்பேன். ஊதாச் சேலை ஏதாவது தெரிந்தால், அது திரும்பி முகம் காட்டுகிற வரைக்கும் என்னால் உள்ளே போக முடிவதில்லை.