குலை சுமக்கும் கிருஷ்ணமணி

லாரி மேலிருப்பவர் ஏத்தன் வாழைக்குலையை இறக்கித் தர, எடை கழுத்தில் படியும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் கிருஷ்ணமணி. பிறகு கடைவரைக்கும் ஒரே நடை. நாகர்கோவில் வாழைக்குலைச் சந்தையில் இருபத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. வயது ஐம்பத்திரண்டு. தோளில் ஏறியதுமே எடையைச் சொல்லிவிடுவார். தராசில் அரைக் கிலோவுக்கு மேல் மாறாது.

சுமப்பாரே தவிர, பழம் தின்ன மாட்டார். "நாளு பூரா மணக்கிற சாதனத்த எப்பிடித் தின்ன?" தண்ணீரும் பிடிக்காது. கேனில் வருவது சப்பென்று இருக்கிறதாம். "வெள்ளம் குடிச்சா வயறுதான் குலுங்கும், தெம்பு வராதுல்லா." ஆறு வருடமாகக் கோலாதான். தினமும் பெரிய குப்பி இரண்டு.

போன சித்திரையில் ஒரு காலை, படுத்தபடியே மனைவி முத்துக்கனியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, எனக்க காலு எங்க கெடக்கு?"

"கட்டில்லதான் கெடக்கு. எந்திரிங்க, லாரி வந்திருக்கும்."

அந்தக் கால்களால் போர்வையை விலக்கக்கூட முடியவில்லை. நாலு பேர் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ரத்தச் சோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "என்ன குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"சாராயம் தொட்டதில்ல டாக்டரே."

கோலாவைப் பற்றிச் சொன்னது முத்துக்கனிதான்.

தசைகளை இயக்கும் பொட்டாசியம் என்ற தாது, இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. கோலாவிலுள்ள அவ்வளவு சர்க்கரையும் கஃபீனும் சேர்ந்து அதைச் சிறுநீரோடு வெளியே தள்ளியிருக்கின்றன. இன்னும் குறைந்திருந்தால் இதயமே நின்றிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. முத்துக்கனி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நாந்தான் பிரிட்ஜில வச்சுக் குடுப்பேன். தணுப்பா குடிக்கட்டும்னு."

பொட்டாசியம் ஏற்றினார்கள். மறுநாள் மாலை கால் கட்டைவிரல் அசைந்தது. அப்போது அழுதுவிட்டதை என்னிடம் கிருஷ்ணமணியே சொன்னார்.

கோலாவை விட்டதுதான் முக்கிய மருந்து. பொட்டாசியம் உள்ள வாழைப்பழம் அதற்குத் துணை. கஷாயம் குடிக்கும் முகத்தோடு தினமும் ஒரு மட்டி வாழைப்பழம் தின்கிறார். கிணற்று வெள்ளமும், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் குடிக்கிறார்.

நான் சந்தைக்குப் போயிருந்தபோது, இடைவேளையில் உடன் சுமக்கும் ஷாஜன் ஒரு குப்பியை நீட்டினார். "ஒரு மடக்கு குடிங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது."

"வேண்டாம் மக்கா."

இடைவேளை முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். கிருஷ்ணமணி மட்டும் உடனே நடக்கவில்லை. வலது காலைச் சற்றுத் தூக்கி வைத்தார். பிறகு இடது காலை. இரண்டும் தரையில் ஊன்றியிருப்பதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார்.