ஒரே நேரத்தில் ஆறு பேர்

சுங்குவார்சத்திரத்தில் எங்களுக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. அதன் மாடியை லேபர் காண்டிராக்டர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டபோது, ஒப்பந்தத்தை நானே எழுதினேன். பதினொரு மாதம். கீழுக்கும் மேலுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி என்பதால், ஒரு வரியை மட்டும் மூன்று முறை திருத்தினேன்: 'வீட்டில் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது.' காண்டிராக்டர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். சிரித்தபடி கையெழுத்துப் போட்டார் என்று டைரியில் எழுதியிருக்கிறேன். ஏன் சிரித்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

கீழ் வீட்டில் ஐந்து வருடமாக ஒரு குடும்பம். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மனைவி மாவு அரைத்து விற்கிறாள். மோட்டார் போடுவது முதல் வாசல் விளக்கு வரை அவள் பொறுப்பு. அவர்களை நம்பித்தான் நான் குன்றத்தூரில் நிம்மதியாக இருந்தேன்.

இரண்டாவது மாதம் அவள் போன் செய்தாள்.

"அண்ணா, டேங்க் ரொப்பி ஒரு மணி நேரத்துல காலி. அரிசி களையத் தண்ணி இல்ல. மேல யானை எதுனா வளக்குறாங்களா?"

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் போனேன். மாடிப்படியில் ஆறு பேர், படிக்கு ஒருவராக, யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஓனரு ரொம்ப கண்டிசன்னு காண்டிராக்டர் சொல்லியிருக்காரு சார். உள்ள இருக்க ஆறு பேரும் இறங்கினாத்தான் நாங்க ஏறணும். ராத்திரி ஷிப்டு பாத்துட்டு வந்து கண்ணு சொருவுது. அஞ்சு நிமிசம் முன்னால போனா தப்பா சார்?"

தினமும் ஓ.டி. சேர்த்துப் பன்னிரண்டு மணி நேர வேலை. ஆறு பேர் போக, ஆறு பேர் வர, ஆறு பாய்கள். வீட்டில் ஒருபோதும் ஏழாவது ஆள் இல்லை. குளிப்பவர்கள் மட்டும் பன்னிரண்டு பேர். என் வரியை எழுத்துக்கு எழுத்து அவர்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்தே காண்டிராக்டருக்குப் போன் செய்தேன். "நீங்க எழுதினதுதான் சார். எப்ப வேணா வந்து எண்ணிக்கங்க" என்றார். தெரிந்த வக்கீலும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "தங்கறவங்க பேரை எழுதி வாங்கியிருக்கணும்" என்றார். இன்னும் ஒன்பது மாதம் பாக்கி இருந்தது. போர்வெல்லில் அதற்கு மேல் ஊற்று இல்லை. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். அதுவும் அதே ஒரு மணி நேரம்தான் நின்றது.

கீழ் வீட்டுக்காரி ஒரு மாதம் பொறுத்தாள். "எங்களுக்கும் குளிக்க ஒரு ஷிப்ட் போட்டுக் குடுங்கண்ணா" என்று ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு வேறு வீடு பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் காலி செய்த காலையில் படியில் காத்திருந்த ஆறு பேரும்தான் மாவு கிரைண்டரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். "இனிமே நல்லாக் குளிங்கடா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவள் சாவியை என் கையில் கொடுத்தாள். எதைக் காட்டி இருக்கச் சொல்வது?

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் காண்டிராக்டர் போன் செய்தார்.

"கீழ் வூடு காலியாமே சார். அதே அக்ரிமெண்ட்டே போட்டுக்கலாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த ஆறு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு, மேலே இருப்பவர்கள் இறங்கட்டும் என்று மறுபடியும் படியில் போய் உட்கார்ந்தார்கள்.