கிட்டார் கழுத்துக்கு ஐந்து நாள்

கிட்டார் ரிப்பேர் தொழிலில் எனக்கு மரத்தோடு ஒருநாளும் சண்டை வந்ததில்லை, மரத்தின் சொந்தக்காரர்களோடுதான். எது பழுதானாலும் "நானே பார்த்துக்கறேன்" என்று கிளம்பும் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

மிச்ச வார்னிஷ்

பெருங்களத்தூர் ஸ்டெல்லா டீச்சர் சர்ச் கேரல் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவர். டிசம்பரில் குழு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும். அவர் கிட்டார் இல்லாமல் எந்த வாசலிலும் பாடியதில்லை. ஒரு திங்கட்கிழமை கணவர் செல்வின் சாரோடு ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். இடது கை ஓடுகிற நீளக் கட்டையை, அதாவது கிட்டாரின் கழுத்தைப் பிடித்தேன். கட்டை விரல் ஜவ்வு மிட்டாயில் மாட்டியது மாதிரி நின்றுவிட்டது.

கழுத்து வெளுத்திருக்கிறதே என்று செல்வின் சார், புது ஃப்ளாட்டின் வாசற்கதவுக்கு அடித்து மிச்சமிருந்த வார்னிஷை மனைவிக்குத் தெரியாமல் இரண்டு கோட் பூசியிருக்கிறார். அன்பினால்தான். மழைக்காலத்தில் அது காயவே இல்லை. சனிக்கிழமை கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பம். டீச்சர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கம்பியில ஒரு கார்டு பிடிச்ச கை அடுத்த கார்டுக்குப் போறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடுது அண்ணா" என்றார்.

துடைப்பதற்கா பூசினீர்கள்?

உப்புத்தாள் போட்டு வார்னிஷை மரம் தெரியும்வரை தேய்த்தெடுத்தேன். இனி எதைப் பூசுவது? ஸ்ப்ரே அடித்தால் பளபளக்கும், ஆனால் வியர்த்த கை அதில் பிடித்துக்கொள்ளும். அதனால் துணியால் தடவித் துடைக்கிற எண்ணெய்தான் என்று முடிவு செய்தேன். பழைய பனியன் துணியில் நாலு சொட்டு விட்டு மரத்தில் தேய்க்க வேண்டும். கால் மணி கழித்து மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு நாள் சும்மா விட வேண்டும். இப்படி மூன்று முறை.

செவ்வாய்க்கிழமை முதல் கோட்டுக்குச் செல்வின் சார் மேற்பார்வைக்கு வந்துவிட்டார். பூசும்போது தலையாட்டி ரசித்தவர், நான் துடைக்க ஆரம்பித்ததும் முகம் வாடிப்போனார். "பூசினதெல்லாம் துடைச்சிட்டா அப்புறம் எதுக்கு சார் பூசினீங்க?"

என் பங்குக்கு

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நாள் போதாது என்ற பயத்தில் இரண்டு கோட்டுக்கான எண்ணெயை ஒரே தடவையில் பூசி, துடைக்காமலும் விட்டேன். இத்தனை வருட அனுபவம் உள்ளவன் செய்கிற காரியமா அது? வியாழன் காலை கழுத்து மறுபடியும் பிசுபிசுத்தது. செல்வின் சாரை மனதுக்குள் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கினேன்.

திரும்பத் தேய்த்து, மெலிதாக ஒரே கோட் கொடுத்து, ஒட்டத் துடைத்து ஃபேனுக்கு அடியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன். காபி கொண்டுவந்த என் மனைவி சொன்னாள்: "நீங்க தொடாம இருந்திருந்தா அது எப்பவோ காய்ஞ்சிருக்கும்."

முதல் வாசல்

சனிக்கிழமை சாயங்காலம் குழு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தது. கிட்டாரை வாங்கி அங்கேயே வாசித்துப் பார்த்து, கை ஒட்டினால் விட்டுவிட்டுப் போகலாம் என்று டீச்சரின் ஏற்பாடாம். என்ன பாடினார்கள் என்று எனக்குத் தெரியாது, அவருடைய இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரல் எங்கேயும் நிற்காமல் மேலும் கீழும் போய் வந்தது. இரண்டாவது பாட்டில் டீச்சர் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

செல்வின் சார் கையில் கேக்கோடு என் பக்கத்தில் வந்து, மனைவிக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டார்: "எங்க வீட்டு வாசக்கதவு இன்னும் ஒட்டிக்கிட்டுதான் சார் இருக்கு, கழட்டி எடுத்துட்டு வரட்டுமா?"

எண்ணெய் பூசுவது ஐந்து நிமிட வேலைதான், மீதி ஐந்து நாளும் அதைத் தொடாதபடி ஆளாளுக்குக் கையைக் கட்டிப்போடுகிற வேலை, அதில் என் கையும் சேர்த்தி.