சந்தூக்கு போகும் ஒழுங்கை

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை பஸ் காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்குப் புறப்பட்டது. தூரம் ஏறத்தாழப் பதினாறு மைல். கட்டணம் மூன்று ரூபாய் ஐம்பது சதம். சூறாவளி வீசிப்போன மூன்றாம் வருடம் அது. தலையிழந்த தென்னைகள் வீதியின் இருமருங்கிலும் இன்னும் நின்றன. என் மடியில், எண்ணெய்த் தாளில் சுற்றிய பழைய காணி உறுதிப் பத்திரம் ஒன்று இருந்தது.

அவ்வுறுதி மருதமுனையிலுள்ள என் தங்கை சுலைஹாவின் வீட்டுக்குரியது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கே உரியது. மணமுடித்த ஆண், மனைவியின் வீட்டுக்குக் குடிபோவான். நானும் அவ்வாறே முப்பத்தொரு வருடங்களுக்கு முன் அக்கரைப்பற்றுக்கு வந்து சேர்ந்தவன். கணவனை இழந்த சுலைஹா, தன் ஒரே மகள் நஸீமாவுக்கு அவ்வீட்டை இப்போது எழுதிக் கொடுக்க வேண்டும். உறுதியிலோ, ‘கிழக்கெல்லை: சாயப்பட்டறை ஒழுங்கை’ என்றுள்ளது. அப்படியொரு சந்து அங்கே இல்லையென்று, உறுதி எழுதும் நொத்தாரிசு மறுத்துவிட்டார். அயல்வீட்டு வளவுக்குள்ளாலேயே தாயும் மகளும் போய்வருகின்றனர். “ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதையைக் காட்டுங்கள்; இன்றேல் வேறிடம் பார்ப்போம்” என்று நஸீமாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அன்று வியாழக்கிழமை.

காரைதீவில் ஏறிய ஆசிரியர் ஒருவர் என்னருகே அமர்ந்தார்.

“எங்க காக்கா பயணம்?” என்று அண்ணன் முறையில் கேட்டார்.

“மருதமுனைக்கு. ஒரு ஒழுங்கையத் தேடிப் போறன்.”

“ஆடு மாடு துலஞ்சி தேடினவங்களக் கண்டிரிக்கன். ஒழுங்கை துலஞ்சி தேடுற ஆள் நீங்கதான் முதல்!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கல்முனை வரும்வரை அச்சிரிப்பு என்னிடம் தங்கவில்லை.

கல்முனையில் பஸ் மாறி, மேலும் மூன்று மைல் சென்று, ஒன்பது மணி இருபதுக்கு மருதமுனையில் இறங்கினேன். கடற்பக்கமாக நடக்கையில் தறிகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. நான் பிறந்த தறிக்காரர் பகுதி அது. பழைய நெல் ஆலையின் புகைபோக்கி அப்படியே நின்றது. ஆனால் அடையாளமாயிருந்த மரங்களைச் சூறாவளி கொண்டுபோயிருந்தது. எஞ்சியிருந்த கல்வீடுகள் யாவும் வீதிக்கு முதுகு காட்டி நின்றன. சுற்றிவந்து பார்த்தேன். தூணும் சித்திரக் கதவும் கொண்ட முன்வாசல்கள் தென்னோலைக் கிடுகு வேலிகளைப் பார்த்தவாறு பூட்டிக் கிடந்தன. ஒரு வளவில், கோழிக்கூட்டின் நடுவே, பழைய தெருவிளக்குக் கம்பம் ஒன்று நின்றது. அதில் கட்டிய கொடியில் துணி காய்ந்தது.

பள்ளிவாசலுக்கருகே ஆதம்பாவாவைச் சந்தித்தேன். என்னிலும் பத்து வயது மூத்தவர். முன்னர் நெசவு செய்தவர். மையித்தாகிய பிரேதத்தைச் சுமப்போரில் ஒருவர்.

“ஒழுங்கைய வேலி திண்டு போட்டுது தம்பி” என்றார் அவர். “புதுசா வாற மாப்பிள்ளைமார் வருசா வருசம் வேலி கட்டுறாங்க. அவங்களுக்குப் பழைய எல்லை தெரியாது. மாமிக்குச் சந்தோசம் காட்ட ஒரு சாண் வெளியால தள்ளிக் கட்டுவாங்க. எதிர்ப்பக்கத்து மாப்பிள்ளையும் ஒரு சாண். மறுகா என்ன மிஞ்சும்?”

“அப்ப ஒண்டும் இல்லையா?”

“ஆர் சொன்ன? வாங்க, காட்டுறன்.”

அடக்கத்தலமான மையவாடியின் வாயிலிலிருந்து அவர் தெற்கே நேராக நடந்து, முதல் வேலியில் ஒரு கிடுகுத் தட்டியைத் தூக்கினார். அது ஆணியால் அடிக்கப்படாமல் கயிற்றால் மட்டும் கட்டப்பட்டிருந்தது. மையித்தைச் சுமக்கும் பெட்டியாகிய சந்தூக்கும், அதன் இருபுறமும் சுமப்போரும் செல்லத்தக்க அகலமான கடப்பு, வேலித் திறப்பு, அது. அதற்கு நேர் எதிர் வேலியிலும் அத்தகைய தட்டி. அதற்கப்பாலும் ஒன்று.

“உசிரோட இரிக்கிறவன் சுத்திப் போவான். மையித்து சுத்திப் போகாது. அந்தக் கடப்ப மட்டும் ஒருத்தரும் அடைக்க மாட்டாங்க.”

நாங்கள் முதல் வளவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்த தறி நின்றது. இரண்டாவது தட்டி கிறீச்சிட்டதும் அடுத்த தறி நின்றது. அக்கடப்பால் எவரேனும் வந்தால் தறியை நிறுத்துவது அவர்களின் வழக்கமாம். சற்றுமுன் காதை அடைத்த அப்பகுதி, நாங்கள் நடக்க நடக்க எமக்கு முன்னால் வீடுவீடாக மௌனமாயிற்று. நாங்கள் கடந்த பின்னரே பின்னால் சத்தம் எழுந்தது.

நான்காவது வளவில் ஒரு பெண் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு எழுந்தாள். “இன்னாலில்லாஹி... ஆரு மௌத்து?”

“ஒருத்தரும் இல்ல புள்ள. இவரு ஒழுங்கை பாக்க வந்தவரு.”

“அதுக்கு இதாலயா வாற? என்ட நெஞ்சு நிண்டு போச்சி!”

பதினொரு கடப்புகளைக் கடந்தோம். பன்னிரண்டாவது இடத்தில் தட்டி இல்லை. ஒரு கற்சுவர் நின்றது. அதன் கற்களில் நீலமும் சிவப்பும் ஊறியிருந்தன. இடிந்துபோன சாயப்பட்டறையின் கற்கள் அவை. சுவருக்கு அப்பால் சட்டி உரசும் ஒலி கேட்டது. ஆதம்பாவா என் முகத்தைப் பாராமல் நிலத்தைப் பார்த்தார். அது என் தங்கையின் குசினி.

நான் சுவரைத் தட்டினேன். சட்டியின் ஒலி நின்றது.

“ஆரு அதுல?” சுலைஹாவின் குரல். “அந்தப் பக்கத்தால ஆரும் வர ஏலாதே!”

“நான்தான் தங்கச்சி. காக்கா.”

சுற்றி உள்ளே சென்றபோது அவள் அடுப்பருகே நிலத்தில் இருந்தாள். நான் கேட்குமுன்னரே பேசினாள்.

“தெரியும் காக்கா. நஸீமாட வாப்பாவ, நீங்க வந்து சேர முதலே, அதாலதான் தூக்கிட்டுப் போனாங்க. மறுகா அந்தக் கடப்பு என்னையே பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி. அடுத்த ஆள் ஆரெண்டு கேக்கிற மாதிரி. ஏலாமப் போச்சி. கல்லப் பொறுக்கி அதுக்கு மேல குசினியக் கட்டினன். நம்மட வீடுதானே கடைசி வீடு, ஆருக்குத் தடை எண்டு நினைச்சன்.”

அவள் அடைத்தது மையித்தின் வழி மட்டுமன்று. மகளின் வழியும் அதுவே. கதவருகே நின்ற நஸீமா கேட்டாள்: “உம்மா, அலவாங்கு எங்க கிடக்கு?”

“என்னத்துக்குடி?”

“மாப்பிள்ளை வராட்டி இந்தக் குசினியில நான் ஆருக்குச் சமைக்க?”

சுலைஹா அழுதவாறே சிரித்தாள். பின்னர் அவளே எழுந்து, கதவின் பின்னாலிருந்த, சுவரை இடிக்கும் இரும்பு அலவாங்கை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சுவர் முழுவதும் விழுந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நொத்தாரிசு வந்து, மையவாடி வாயிலிலிருந்து பன்னிரண்டு கடப்புகளையும் எண்ணி நடந்தார். மாப்பிள்ளையின் தகப்பனாரும் கூட நடந்தார். முடிவில், “வழி இரிக்கி” என்று மட்டும் சொன்னார். உறுதி எழுதப்பட்டது.

அன்று பிற்பகல் விடைபெற்றபோது நான் புதிதாகத் திறந்த கடப்பை நோக்கி நடந்தேன். சுலைஹா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “இதால போகாதீங்க காக்கா. சுத்திப் போங்க.”

“உன்ட மருமகன் இதாலதான் வரப்போறான். அதுக்கு முதல் உசிரோட ஒருத்தன் இதால போய் வழி காட்ட வேணும்.”

ஒவ்வொரு தட்டியையும் தூக்குகையில் தறி நின்றது. நான் உரத்து ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் வந்தது. பின் தறி ஓடியது. பதினொரு வளவுகளிலும் அவ்வாறே செய்தேன். என் குரல் எனக்கே கேட்கிறது என்பது அப்போது பெரிய ஆறுதலாயிருந்தது.

மாலை ஐந்தரை மணிக்கு அக்கரைப்பற்றில் என் மனைவியின் வீட்டை அடைந்தேன். முப்பத்தொரு வருடமாக அந்த வளவின் வேலியைக் கட்டுபவன் நான். வாசலில் நின்று அதை நெடுநேரம் பார்த்தேன். பின் மனைவியிடம் கேட்டேன்: “இந்த வளவில சந்தூக்கு எதால போகும்?”

அவள் விரலை நீட்டினாள். வேலியோரம், நான் நாள்தோறும் சாய்ந்திருந்து பத்திரிகை வாசிக்கும் சாய்மனைக் கதிரை கிடந்தது.

கதிரையைத் தூக்கி அப்பால் வைத்தேன். அதன் பின்னாலிருந்த தட்டியில் நானே அடித்த ஆணிகள் தெரிந்தன. பின்னர் அலவாங்கைத் தேடினேன்.